படத்தில் ஓர் எண், பக்கத்தில் ஒரு சொல்

படத்தைக் காட்டி மொழி கற்பிக்கும் பாடநூல்களில் முதல் பெரும் நூல் 1658ஆம் ஆண்டு ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் அச்சானது. 'ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டஸ்' என்பது அதன் இலத்தீன் பெயர். புலன்களுக்கு எட்டும் உலகத்தின் படம் என்று பொருள். எழுதியவர் ஜான் அமோஸ் கொமீனியஸ். இன்று கைப்பேசித் திரையில் ஒரு படம் தோன்றுகிறது. அதன்கீழ் நான்கு ஆங்கிலச் சொற்கள் வருகின்றன. சரியான சொல்லைத் தொட்டால் அடுத்த படம். இந்தப் பயிற்சிக்கும் அந்தப் பழைய புத்தகத்துக்கும் இடையே 350 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இரண்டும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றுதான்: படத்தையும் சொல்லையும் எதைக் கொண்டு கட்டுவது?

கொமீனியஸ் 1592இல் மொராவியாவில், இன்றைய செக் நாட்டில், பிறந்தவர். 'சகோதரர் ஐக்கியம்' என்ற புராட்டஸ்டண்ட் திருச்சபையின் போதகராக இருந்து பின்னாளில் அதன் ஆயரானவர். முப்பதாண்டுப் போர் அவரை ஊர் ஊராகத் துரத்தியது. முதல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கொள்ளைநோய் கொண்டுபோனது. 1628இல் தாய்நாட்டை விட்டுப் போலந்தின் லெஷ்னோ நகருக்குப் போனவர் பிறகு ஊர் திரும்பவே இல்லை. அங்கே 1631இல் அவர் வெளியிட்ட 'யானுவா லிங்குவாரும்' என்ற இலத்தீன் பாடநூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஏறக்குறைய 8,000 சொற்களை 1,000 வாக்கியங்களில் அடக்கிய நூல் அது. பெரிய பெயர் வாங்கித் தந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. சொல் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. 1650 முதல் 1654 வரை ஹங்கேரியின் சாரோஷ்பட்டாக் பள்ளியில் வேலை பார்த்தபோது, அதையே படத்தோடு சுருக்கித் தர முனைந்தார். மரத்தில் படம் செதுக்கத் தெரிந்த ஆள் அங்கே கிடைக்காததால் கைப்படி நியூரம்பர்க்குக்குப் போனது. அச்சேறச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் 1656இல் லெஷ்னோ தீக்கிரையானது. நாற்பதாண்டுக் காலம் அவர் தொகுத்துவந்த செக் மொழி அகராதியும் அந்தத் தீயில் போயிற்று. சொற்களைச் சேர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு இதைவிடக் கொடிய இழப்பு இருந்திருக்க முடியாது.

நூலில் 150 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மரச்செதுக்குப் படம். கீழே ஒருபுறம் இலத்தீன், மறுபுறம் ஜெர்மன். முடிதிருத்தகப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். படத்தில் நாவிதர் நிற்கிறார். அவரருகே 1 என்ற எண். கடைக்கு 2. அவர் கையிலுள்ள கத்திரிக்கோலுக்கு 3. அப்படியே சவரக்கத்தி, அதை வைக்கும் உறை, தண்ணீர்த் தொட்டி, சோப்பு, துண்டு, சீப்பு என ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். கீழே வாக்கியத்தில் அந்தப் பொருளின் பெயர் வரும் இடத்தில் அதே எண் வரும். நாவிதரே நரம்பைக் கீறி இரத்தம் எடுத்து வைத்தியம் பார்த்த காலம் அது. அதற்கான சிறு கத்திக்கும் பீறிடும் இரத்தத்துக்கும்கூட எண் உண்டு. பிள்ளை எண்ணைப் பிடித்துக்கொண்டு படத்துக்கும் வரிக்குமாகப் போய்வருகிறது. ஆசிரியர் விரலால் சுட்டிக் காட்டும் வேலையை அந்த எண் செய்கிறது.

படம் போட்ட புத்தகங்கள் கொமீனியஸுக்கு முன்பும் இருந்தன. ஆனால் ஒரு படத்துக்குள் பத்துப் பொருள் இருந்தால் எந்தச் சொல் எந்தப் பொருளுக்கு என்ற குழப்பத்தை எண்ணிட்டுத் தீர்த்து, அதை ஒரு பாடநூல் முழுவதற்கும் முறையாக்கியதில் இருக்கிறது அவர் செய்த வேலையின் மதிப்பு. நூலின் தொடக்கத்தில் வரும் அரிச்சுவடிப் பக்கமும் இதே நுட்பம் உள்ளதுதான்: காகம் கரையும் ஒலி 'ஆ' என்ற எழுத்துக்கு, ஆட்டுக்குட்டி கத்தும் ஒலி 'பே'வுக்கு. எழுத்தைக் காதில் கேட்கும் ஒலியோடும் கண்ணில் படும் விலங்கோடும் சேர்த்து முடிந்துவிடுகிறார்.

எல்லாச் சொல்லும் படத்துக்கு மடங்காது என்பதும் அந்த நூலிலேயே தெரிகிறது. மனிதனின் ஆன்மாவுக்கு ஒரு பாடம் உண்டு. தொங்கும் திரைத்துணி ஒன்றில் மனித உருவத்தைப் புள்ளிகளாலேயே கோடிழுத்துக் காட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் பிறந்த படம் அது. 'நீதி', 'பொறுமை', 'நட்பு' போன்ற சொற்களுக்கு என்ன படம் போடுவது என்று இன்றும் ஆங்கில ஆசிரியர்கள் திகைக்கும் திகைப்பின் முதல் பதிவு அந்தப் புள்ளி மனிதன்.

அடுத்த ஆண்டே, 1659இல், சார்ல்ஸ் ஹூல் என்ற லண்டன் ஆசிரியர் இலத்தீனுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தை வைத்து ஒரு பதிப்புக் கொண்டுவந்தார். அங்கே ஆங்கிலம் பிள்ளைகளுக்குத் தெரிந்த மொழி. கற்க வேண்டியது இலத்தீன். நூல் பல மொழிகளுக்குப் போய் நூற்றுக்கணக்கான முறை அச்சானது. ஜெர்மன் கவிஞர் கதே தம் தன்வரலாற்றில், தம் சிறுவயதில் இந்த நூலைத் தவிர இப்படிப் பிள்ளைகளுக்கென்று வேறு நூல் கைக்குக் கிடைக்கவில்லை என்று நினைவுகூர்கிறார். அச்சாகி ஏறக்குறைய நூறாண்டு கழித்தும் அதற்கு ஈடு வரவில்லை என்பது வியப்பைவிட வருத்தத்தையே தருகிறது.

1774இல் ஜெர்மன் கல்வியாளர் யோஹான் பாசெடோவின் 'எலமெண்டார்வெர்க்' என்ற பாடநூல் வந்தது. ஓவியர் டானியல் ஹொடோவியெட்ஸ்கியின் தலைமையில் உருவான ஏறக்குறைய 100 செப்புத்தகட்டுப் படங்கள் அதில் உண்டு. ஓவியம் என்ற அளவில் கொமீனியஸின் மரச்செதுக்கைவிடப் பலமடங்கு மேல். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் படம் புத்தகத்தை விட்டுச் சுவருக்கு ஏறியது. வியன்னாவின் ஹோல்ட்செல் பதிப்பகம் நான்கு பருவங்களையும், நகரம், காடு, மலை ஆகியவற்றையும் பெரிய வண்ணப் படங்களாக அச்சிட்டது. தாய்மொழியைக் கலக்காமல் நேரடியாகப் பிறமொழி கற்பிக்க விரும்பிய ஆசிரியர்கள் அவற்றை மாட்டிவைத்துக் குச்சியால் சுட்டிக் கேள்வி கேட்டார்கள். 1878இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் தொடங்கிய பள்ளியும் இந்த வழியைச் சேர்ந்தது. கையில் எடுத்துக் காட்ட முடிந்தது பொருளாகவே வந்தது. முடியாதது படமாக வந்தது.

சுவர்ப்படத்தில் எண் இல்லை. ஆசிரியரின் குச்சிதான் எண். ஆசிரியர் போய்விட்டால் படம் ஊமை. இதைத் தீர்க்க அகராதிக்காரர்கள் கொமீனியஸிடமே திரும்பினார்கள். ஜெர்மனியில் 1935இல் வெளிவந்த டூடன் படஅகராதியில் பக்கத்துக்குப் பக்கம் எண்ணிட்ட பொருள்கள். ஆக்ஸ்ஃபோர்டோடு சேர்ந்து 1981இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் 28,000க்கும் மேற்பட்ட பொருள்களுக்குப் பெயர் உண்டு. சைக்கிளின் ஒவ்வொரு உறுப்புக்கும் கப்பலின் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஆங்கிலப் பெயர் வேண்டுமென்றால் அதைவிட நல்ல புத்தகம் அந்நாளில் கிடையாது.

ஆங்கிலத்தை மட்டும் குறிவைத்துப் படத்தைப் பயன்படுத்தியவர்களில் இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸைத் தனியே சொல்ல வேண்டும். அவருடைய நண்பர் சி. கே. ஆக்டன் 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற பெயரில் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்கிக் காட்டினார். அந்தப் பட்டியலில் 200 சொற்கள் தனிப் பிரிவு: படம் போட்டுக் காட்டக்கூடிய பொருள்கள். எறும்பு, ஆப்பிள், கை, கூடை, மணி, செங்கல், வாளி, பித்தான் என்று போகிறது அந்த வரிசை. ஒரு மொழியின் எந்தப் பகுதி படத்துக்குள் வரும், எது வராது என்று எண்ணிக் கணக்கிட்டுப் பிரித்த பட்டியல் அது. 850இல் 200 என்றால் கால்வாசிக்கும் குறைவு. மிச்சத்துக்கு என்ன செய்வது?

ரிச்சர்ட்ஸும் கிறிஸ்டீன் கிப்சனும் 1945இல் கொண்டுவந்த 'இங்கிலீஷ் த்ரூ பிக்சர்ஸ்' அதற்கு விடை தேடியது. படங்கள் வெறும் குச்சி மனிதர்கள், நிழலில்லை, அலங்காரமில்லை. ஒரு பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுத்தடுத்து நகர்த்தினார்கள். ஒருவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்க்கிறான்: வைக்கப் போகிறான். அடுத்ததில் கை மேசையை நோக்கி நீள்கிறது: வைக்கிறான். பிறகு தொப்பி மேசைமேல், கை வெறுமை: வைத்தான். மூன்று கட்டத்தில் மூன்று காலம். தனிப்படத்தால் சொல்ல முடியாத வினையைப் படங்களின் வரிசை சொல்லிவிடுகிறது. இந்த அளவுக்குச் சிக்கனமாக யோசித்த ஆங்கிலப் பாடநூல்கள் பின்னாளிலும் குறைவு.

1960களில் படச்சுருளும் ஒலிநாடாவும் சேர்ந்த பாடங்கள் பிரான்சிலிருந்து புறப்பட்டு மற்ற நாடுகளுக்கும் பரவின. திரையில் ஒரு படம், கூடவே ஒரு வாக்கியம். ஆசிரியர் நினைத்ததை மாணவர் அந்தப் படத்தில் காணவில்லை என்ற குறை விரைவிலேயே எழுந்தது. படமும் வாக்கியமும் ஒரே நேரத்தில் வந்தால் போதும், பொருள் தானே விளங்கும் என்று எண்ணியதன் விளைவு அது.

அதே காலத்தில் உளவியலும் இந்தப் பக்கம் திரும்பியது. கனடாவின் ஆலன் பைவியோ 1971இல் வெளியிட்ட நூலில், மனம் சொல்லையும் காட்சியையும் இரு தனி வழிகளில் பதிகிறது, இரண்டிலும் பதிந்தது எளிதில் மறக்காது என்ற கொள்கையை விரிவாக எழுதினார். 1980இல் ஸ்னோட்கிராஸ், வாண்டர்வார்ட் என்ற இருவர் 260 கோட்டோவியங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் பார்த்ததும் மக்கள் ஒரே பெயரைச் சொல்கிறார்களா என்று அளந்தார்கள். அமெரிக்கர்களிடம் எடுத்த அளவு அது. படங்களில் கூனைப்பூவும் பனிமனிதனும் உண்டு. வேறு நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் மக்களிடம் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. படம் எல்லாருக்கும் பொது, சொல்தான் ஊருக்கு ஊர் மாறும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

தமிழ்நாட்டு வகுப்பறைக்கு இந்த அனுபவம் பழையது. கடையில் வாங்கி ஆணியில் மாட்டிய ஆங்கில சார்ட்டில் முதல் கட்டத்தில் ஆப்பிள். கொய்யாவும் நாவலும் பறித்துத் தின்ற கிராமத்துப் பிள்ளைக்கு ஆப்பிள் என்பது காய்ச்சலில் கிடந்தவர்களைப் பார்க்க வருபவர்கள் வாங்கிவரும் பழம். கடைசி வரிசையில் யாக் என்ற இமயமலை எருது. அதை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆங்கிலச் சொல்லோடு விலங்கும் அந்த சார்ட்டில்தான் அறிமுகம். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் வார இதழ்களிலிருந்து படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி, பின்புறம் சொல்லை எழுதி வைத்துக்கொள்வார்கள். மின்னல் நேரம் காட்டி மறைப்பதால் அதற்கு மின்னட்டை என்று பெயர். பயிற்சி நிறுவனத்தை விட்டு வரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு மின்னட்டை இருக்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றலில் அட்டைகளே பாடமாயின. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம்; சுவரிலுள்ள ஏணிப்படத்தில் அதே சின்னம். பிள்ளை தன் படியைத் தானே கண்டுபிடித்து அட்டையை எடுத்துவரும். கொமீனியஸின் எண் செய்ததைப் போன்ற வேலையை இங்கே சின்னம் செய்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் பக்க ஓரத்தில் கியூஆர் குறியீடு ஏறியது; கைப்பேசியைக் காட்டினால் காணொளி வரும்.

கணினியில் இந்த முறை முதலில் குறுந்தகடாக வந்தது. 1992இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து வந்த 'ரொசெட்டா ஸ்டோன்' நான்கு ஒளிப்படங்களைக் காட்டி ஒரு வாக்கியத்தை ஒலிக்கவிட்டு, எந்தப் படம் என்று கேட்டது. மொழிபெயர்ப்பு ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் தொடக்ககாலப் பதிப்புகளில் எல்லா மொழிக்கும் அதே படங்கள். எந்த மொழியைக் கற்றாலும் அதே வீடு, அதே உடை, அதே சாப்பாட்டுத் தட்டு.

இணையம் வந்தபின் படங்களுக்குப் பஞ்சம் ஒழிந்தது. கூகுள் படத்தேடல் 2001 ஜூலையில் தொடங்கியது. படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் 2004 பிப்ரவரியிலும், விக்கிமீடியா காமன்ஸ் அதே ஆண்டு செப்டம்பரிலும் வந்தன. ஃபிளிக்கரில் இரண்டு விஷயங்கள் ஆசிரியர்களுக்கு வரமாக அமைந்தன. ஒன்று, படம் எடுத்தவரே பிறர் பயன்படுத்த முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். இன்னொன்று, குறிச்சொல். படத்தை ஏற்றுபவர் அதற்குப் பொருத்தமென்று நினைக்கும் சொற்களையெல்லாம் எழுதி வைக்கலாம். எந்த அகராதிக்காரரும் மேற்பார்க்காமல், உலகெங்குமுள்ள மக்கள் தங்கள் படங்களுக்குத் தாங்களே பெயரிட்டார்கள். அந்தச் சொற்களில் பெரும்பங்கு ஆங்கிலம். கொமீனியஸின் எண் போலக் குறிச்சொல் ஒரு மூலையையோ ஒரு கையையோ சுட்டாது. முழுப் படத்துக்கும் பொதுவாகத் தொங்கும். அந்தக் குறை இருந்தாலும் அதற்குமுன் எந்த ஆசிரியருக்கும் இவ்வளவு பெரிய படஅகராதி வாய்த்ததில்லை.

அதன்மேல் பல சிறு கருவிகள் முளைத்தன. 'ஸ்பெல் வித் ஃபிளிக்கர்' ஒரு சொல்லைத் தட்டினால் கடைப் பலகைகளிலும் சுவர்களிலும் இருந்து எடுத்த எழுத்துப் படங்களால் அந்தச் சொல்லைக் கோத்துக் காட்டியது. 'டேக் கேலக்ஸி'யில் ஒரு குறிச்சொல் சூரியனாக நடுவில் நின்றது. அதோடு சேர்ந்துவரும் சொற்கள் கோள்களாகச் சுற்றின. ஒன்றைத் தொட்டால் படங்களெல்லாம் பறந்து வந்து ஒரு பந்தின்மேல் ஒட்டிக்கொண்டன. கடல் என்ற சொல்லோடு அலை, மணல், படகு, அந்திநேரம் எல்லாம் சேர்ந்து வந்தன. தனிச்சொல்லாக மனப்பாடம் செய்வதைவிட உறவுக்காரர்களோடு சேர்த்துச் சொல்லை அறிமுகப்படுத்தும் வழி அது. 2010இல் ட்விட்டரில் பேசிக்கொண்ட ஆங்கில ஆசிரியர்கள் சிலர், தாங்கள் எடுத்த படங்களைத் தலைப்புவாரியாக ஃபிளிக்கரில் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தொகுப்புக்கு 'ஈஎல்டிபிக்ஸ்' என்று பெயர். சந்தை, சமையலறை, பேருந்து நிலையம் எல்லாம் ஆசிரியர்கள் வாழும் ஊர்களிலேயே எடுத்தவை.

படத்தேடலின் உண்மையான பயன் ஒரு சொல்லுக்கு ஒரு படம் காட்டுவதைவிட ஒரு சொல்லுக்கு நூறு படம் காட்டுவதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்று தேடினால் மூட்டை அரிசி வரும், கிண்ணத்தில் சோறு வரும், நாற்று நட்ட வயலும் வரும். தமிழ்ப் பிள்ளைக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. மின்னட்டையில் சோற்றுப் படத்தை மட்டும் பார்த்துக் கற்ற பிள்ளை கடைப் பையில் அதே ஆங்கிலச் சொல்லைக் கண்டால் தடுமாறும். திரை முழுக்கப் பரவிய படங்களைப் பார்க்கும்போது, மூன்று தமிழ்ச் சொற்கள் நிற்கும் இடத்தில் ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறது என்பது ஒரு நொடியில் புலப்படும். 'கிரேன்' என்றால் கொக்கினத்துப் பறவையும் வரும், பாரந்தூக்கியும் வரும். 'ஆன்ட்' என்று தேடினால் அத்தையா சித்தியா பெரியம்மாவா என்று எந்தப் படமும் சொல்லாது. அந்த இடத்தில் படத்தை மூடிவிட்டு ஆசிரியர் வாயைத் திறக்க வேண்டும்.

படத்துக்குப் பெயரிடும் வேலையே ஒரு விளையாட்டானது 2003இல். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த லூயிஸ் வான் ஆன் 'ஈஎஸ்பி கேம்' என்ற ஒன்றை அமைத்தார். முகம் தெரியாத இருவருக்கு ஒரே படம் காட்டப்படும். இருவரும் மனத்தில் தோன்றும் சொற்களைத் தட்டுவார்கள். இருவர் சொல்லும் ஒன்றானால் அது அந்தப் படத்தின் பெயராகப் பதியும். கூகுள் இதை 2006இல் தன் படத்தேடலுக்கு எடுத்துக்கொண்டது. அதே வான் ஆன், செவெரின் ஹாக்கரோடு சேர்ந்து பின்னர் டூயோலிங்கோ என்ற மொழி கற்பிக்கும் தளத்தைத் தொடங்கினார். 2012இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது. அதன் தொடக்கப் பாடங்களில் படத்தைப் பார்த்துச் சொல்லைத் தொடும் பயிற்சி உண்டு. படங்களுக்குப் பெயர் திரட்டிய கையே பெயர் கற்பிக்கவும் வந்தது.

'குவிஸ்லெட்' பிறந்த கதை சிறியது. 2005இல் ஆண்ட்ரூ சதர்லாண்ட் என்ற 15 வயது அமெரிக்க மாணவருக்குப் பள்ளியில் 111 விலங்குகளின் பிரெஞ்சுப் பெயர்களைப் படிக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தானே எழுதிய நிரலை 2007இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார். மின்னட்டைக் கட்டு அப்படியே திரைக்கு வந்தது. முன்பக்கம் படமும் பின்பக்கம் ஆங்கிலச் சொல்லுமாக ஆசிரியர்கள் அதில் அட்டை செய்தார்கள்.

இந்தக் கருவிகளின் ஆயுள் புத்தகத்தின் ஆயுள் அல்ல. வகுப்பறைப் பட விளையாட்டுகளில் ஏராளமானவை ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடின. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஓடு அதற்கு ஆதரவை நிறுத்தியது. டேக் கேலக்ஸியும் ஃபிளாஷில் எழுதியதுதான். இழுத்துப் பொருத்தும் படங்கள், மறைத்துத் திறக்கும் அட்டைகள், ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்த முகவரிகள் பலவும் ஒரே சமயத்தில் வெறும் சாம்பல்நிறக் கட்டங்களாயின. 1658இல் அச்சான மரச்செதுக்குப் படத்தை இன்றும் நூலகத்தில் விரித்துப் பாடம் நடத்தலாம். 2008இல் செய்த விளையாட்டைத் திறக்க முடியவில்லை. பாடத் துணைக்கருவியை உருவாக்குபவர்கள் இதை மனத்தில் வைக்காமல் இருப்பது பெரும் குறை.

இதற்கிடையே படத்துக்குப் பெயர் சொல்லும் வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. பிரின்ஸ்டனில் ஜார்ஜ் மில்லர் 1985இல் தொடங்கிய 'வேர்ட்நெட்' என்ற ஆங்கிலச் சொல்வலையை எலும்புக்கூடாக வைத்து, கணினி அறிவியலாளர் ஃபேய்-ஃபேய் லீயின் குழு 2009இல் 'இமேஜ்நெட்'டை அறிவித்தது. சொல்லுக்குச் சொல் ஒளிப்படங்களை அடுக்கி இயந்திரத்துக்குக் காட்டினார்கள். பிள்ளைக்குச் செய்த பாடத்தை இயந்திரத்துக்குச் செய்தது போன்றது அது. 2016இல் கூகுள் வெளியிட்ட 'குவிக் டிரா'வில் 20 நொடிக்குள் ஒரு பொருளை வரைய வேண்டும். கணினி அதன் பெயரை ஊகிக்கும். மாணவர்கள் அதை ஆங்கிலத்தில் ஆடினால் வரையச் சொல்லும் சொல்லைப் படித்துப் புரிந்துகொண்டால்தான் கோடே போட முடியும். 2017இல் வந்த கூகுள் லென்ஸ் கைப்பேசிக் கேமராவைக் காட்டிய பொருளை அடையாளம் கண்டு சொல்கிறது.

2022இல் டால்-ஈ 2, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை வந்ததும் திசை தலைகீழானது. சொல்லைக் கொடுத்தால் படம் வருகிறது. ஆப்பிளுக்குப் பதில் கொய்யா, பனிமனிதனுக்குப் பதில் வைக்கோற்போர் என்று ஆசிரியர் தம் ஊருக்குத் தகுந்த படத்தைக் கேட்டு வாங்கலாம். கேட்பதற்கே ஆங்கிலச் சொல் சரியாக வேண்டும் என்பதால் மாணவர்களையே வாக்கியம் எழுதவைத்து, வரும் படத்தைப் பார்த்து வாக்கியத்தைத் திருத்தச் சொல்லும் பயிற்சியும் செய்யலாம். முதல் பதிப்புகளில் இவற்றுக்கு ஒரு கோளாறு இருந்தது. படத்துக்குள் பெயரெழுதச் சொன்னால் எழுத்துகள் குலைந்து, எந்த மொழியிலும் சேராத கிறுக்கலாக வந்தன. படத்தை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு, பொருள்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, கீழே சொற்களை ஆசிரியரே எழுத வேண்டியிருந்தது.